டென்மார்க்கில் சைக்கிள் விடுமுறை: குடும்பத்தோடு திட்டமிடுவது எப்படி?

புக்கிட் தீமா குன்றின் உயரம் ஏறத்தாழ 164 மீட்டர். டென்மார்க்கில் ஆக உயரமான இயற்கை மேட்டின் உயரமோ 171 மீட்டர்தான். மக்கள்தொகையும் சிங்கப்பூரைப் போலவே சுமார் 6 மில்லியன். ஆனால், அந்த மக்கள் வாழும் நிலப்பரப்பு நம்முடையதைவிடக் கிட்டத்தட்ட 60 மடங்கு பெரியது.

சமதளம், கூட்டமில்லாத சாலைகள், நாடு முழுவதும் எண்ணிட்ட சைக்கிள் பாதைகள். இவற்றைப் படித்துவிட்டுத்தான் சென்ற ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறைக்கு டென்மார்க் போகலாம் என்று முடிவு செய்தோம். நான், மனைவி, 12 வயது மகள், 67 வயது அம்மா என்று நால்வர். இவர்களில் அம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. சிறுவயதில் வீட்டில் விடவில்லை. மனைவி 40 வயதுக்குப் பிறகு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கற்றுக்கொண்டவர்.

பயணம் பெரும்பாலும் நன்றாகவே அமைந்தது. ஆனால், நான் போட்ட திட்டத்தில் இருந்த ஒரு பிழையால், அம்மா துறைமுகத்தில் மூன்று மணி நேரம் தனியாகக் காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பிழை எதனால் வந்தது, அதை எப்படித் தவிர்ப்பது என்பதையும் சேர்த்தே இங்குச் சொல்கிறேன்.

ஏன் டென்மார்க்?

டேனிஷ் மக்கள் பிறவியிலேயே சைக்கிள் பிரியர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1960களில் அங்கும் கார்கள்தான் சாலைகளை நிறைத்தன. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தனிச் சைக்கிள் தடங்கள் கேட்டு மக்கள் வீதியில் இறங்கினர். கார் வாங்குவோருக்கான பதிவு வரியும் அங்கு மிக அதிகம். இப்படிப் பல காரணங்கள் சேர்ந்துதான் இன்றைய நிலை உருவானது.

தலைநகர் கோப்பன்ஹேகனில் சைக்கிள் தடம் நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்வாகவும் கார் சாலையைவிடச் சற்று உயர்வாகவும் தனியே ஓடும். நொரெப்ரோ வட்டாரத்தின் முக்கியச் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், காலை நேரத்தில் நகரை நோக்கிப் போகும்போது அடுத்தடுத்த விளக்குகள் பச்சையாகவே கிடைக்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

நகரத்துக்கு வெளியே நீலப் பலகைகளைப் பின்தொடர்ந்தால் போதும். அவற்றில் சைக்கிள் படமும் பாதை எண்ணும் இருக்கும். சிறிய எண் என்றால் நாட்டின் நீண்ட தூரப் பாதை. இரட்டை இலக்கத்தில் பெரிய எண்கள் வட்டாரப் பாதைகள். மூன்று இலக்கம் என்றால் உள்ளூர்ப் பாதை.

எந்த மாதம்?

டென்மார்க்கில் ஜூன் பிற்பகுதியில் விடியற்காலை நான்கரை மணிக்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். இரவு பத்து மணிவாக்கில்தான் மறையும். பகல் ஏறத்தாழ பதினேழரை மணி நேரம். பாதை தவறினாலும் இருட்டிவிடுமோ என்ற பயம் இல்லை. நம் ஜூன் பள்ளி விடுமுறைக்கு இது மிகப் பொருத்தம். டேனிஷ் பள்ளிகளுக்கு ஜூன் இறுதியில்தான் கோடை விடுமுறை தொடங்கும். ஆகவே, ஜூன் முதல் மூன்று வாரங்களில் தங்குமிடங்களில் நெரிசலும் குறைவு.

ஜூன் 23 இரவு அங்கிருந்தால், ‘சாங்க்ட் ஹான்ஸ்’ கொண்டாட்டத்தைப் பார்க்கலாம். கடற்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் பெரிய தீ மூட்டி, ஊர் மக்கள் சுற்றி நின்று பாடுவார்கள். வெளியாரும் தாராளமாகக் கலந்துகொள்ளலாம்.

ஜூன் மாதம் என்றாலும் குளிர் இருக்கும். பகலில் பெரும்பாலும் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். இரவில் 10 டிகிரிக்கு இறங்கலாம். ஆண்டு மழை அளவு நம்முடையதில் பாதிகூட இல்லை. ஆனால், நம் ஊர் மழைபோல் கொட்டி ஓயாமல், மெல்லிய சாரலாக நெடுநேரம் பெய்யக்கூடும். நனைந்த உடையோடு காற்றில் சைக்கிள் ஓட்டினால் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். குடை உதவாது. மழைச்சட்டையும் மழைக்கால்சட்டையும் ஒவ்வொருவருக்கும் தேவை.

எங்கே போகலாம்?

முதல்முறை போகும் குடும்பத்துக்கு இரண்டு கட்டமாகப் பிரிப்பது நல்லது.

முதல் மூன்று நாள்கள் கோப்பன்ஹேகன். சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ 13 மணி நேரப் பயணம். இறங்கிய அன்று சைக்கிளைத் தொட வேண்டாம். மறுநாள் விமான நிலையம் இருக்கும் அமாகர் தீவின் தென்கிழக்கு முனையில் உள்ள திராகோர் என்ற பழைய மீனவர் ஊருக்குப் போய் வரலாம். பாதை முழுக்கச் சமதளம். அதற்கடுத்த நாள் வடக்கே டியூரஹாவன் மான் பூங்கா. இது அரச குடும்பத்தினர் வேட்டையாடிய காடு, 2015ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் உள்ளது. கார்கள் நுழையாத காட்டுப் பாதைகளில் மான் கூட்டங்களை அருகிலேயே பார்க்கலாம்.

இன்னும் தெம்பு இருப்பவர்கள் கரையோரமாக ஹெல்சிங்யோர் வரை செல்லலாம். தூரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஷேக்ஸ்பியரின் ‘ஹேம்லட்’ நாடகம் நடப்பதாகச் சொல்லப்படும் குரோன்போர்க் கோட்டை அங்குதான் உள்ளது. திரும்பும்போது சைக்கிளோடு ரயில் ஏறிவிடலாம்.

இரண்டாம் கட்டம் போர்ன்ஹோல்ம் தீவு. பால்டிக் கடலில், டென்மார்க்கின் மற்ற பகுதிகளிலிருந்து விலகி, சுவீடனுக்குத் தெற்கே இருக்கிறது. பரப்பளவு 588 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைவிடச் சற்றுச் சிறியது. தீவைச் சுற்றிவரும் 10ஆம் எண் பாதையின் நீளம் சுமார் 105 கிலோமீட்டர்.

இந்தத் தீவைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. அங்கு ஓடிய ரயில் சேவை 1968ஆம் ஆண்டில் முற்றாக நின்றுபோனது. பழைய தண்டவாளத் தடங்கள் பல இடங்களில் சைக்கிள் பாதையாக மாற்றப்பட்டுள்ளன. நம் ரயில் பாதை பசுமை வழித்தடத்தில் நடந்தவர்களுக்கு இது உடனே புரியும். ரயில் ஓடிய தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் இருக்காது.

தீவின் வடபகுதி கருங்கல் பாறையும் மேடுபள்ளமும். அங்குதான் ஹாமர்ஸ்ஹூஸ் என்ற பழைய கோட்டையின் பெரும் சிதைவுகள் உள்ளன. தென்கோடியில் டூயொட என்ற இடத்தில் மாவைப்போல் நுண்ணிய வெண்மணல் கடற்கரை. நடுவில் அல்மின்டிங்கென் காடு. ஓஸ்டர்லார்ஸ் முதலிய நான்கு ஊர்களில் இடைக்காலத்தில் கட்டப்பட்ட வட்ட வடிவத் தேவாலயங்கள். நடக்க விரும்புவோருக்குத் தீவின் கரையோரமாகவே ஒற்றையடிப் பாதையும் உண்டு.

ஓட்டாதவரையும் அழைத்துச் செல்லலாம்

கரையோர ஊர்களைப் பேருந்துகள் இணைக்கின்றன. நாங்கள் சைக்கிளில் கிளம்பியதும், அம்மா பெரிய பைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு பேருந்தில் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நாங்கள் வியர்த்து வந்து சேரும்போது, கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்காரர்களோடு சைகையில் பேசிக்கொண்டிருப்பார்.

முதியவர்களை சைக்கிள் பயணத்தில் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் அந்நாட்டுக்குப் புதிதல்ல. முதியோரைத் தொண்டூழியர்கள் மூன்று சக்கர சைக்கிளில் அமர்த்தி ஓட்டிச் செல்லும் ‘வயதில்லாச் சைக்கிளோட்டம்’ இயக்கம் 2012ஆம் ஆண்டு கோப்பன்ஹேகனில்தான் தொடங்கியது. இன்று அது சிங்கப்பூரிலும் செயல்படுகிறது.

வலப்பக்கம், வலப்பக்கம்!

நம்மூரில் இடப்பக்கம். டென்மார்க்கில் வலப்பக்கம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும், காலையில் விடுதி வாசலிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு கிளம்பும்போது கைகள் பழக்கப்பட்ட பக்கத்துக்கே திரும்பும். இரண்டாம் நாள் என் மனைவி அப்படித்தான் திரும்பினார். எதிரே வந்தவர் மணியடித்து நிறுத்தியதால் தப்பினோம். அன்று மாலையே ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் வலப்பக்கத்தில் சிவப்புப் பட்டை ஒட்டினோம். அதன்பின் தவறவில்லை.

மற்ற விதிகளில் முக்கியமானவை:

* சந்திப்பில் இடப்பக்கம் திரும்ப, கார்களைப்போல் நடுவே சென்று திரும்பக்கூடாது. முதலில் நேராக எதிர்ப்பக்கம் கடந்து, ஓரமாக நின்று, பிறகு அந்தத் திசைக்கான பச்சை விளக்கில் செல்ல வேண்டும்.
* திரும்பும் முன் அந்தப் பக்கக் கையை நீட்ட வேண்டும். நிற்கப்போகிறீர்கள் என்றால் கையை மேலே உயர்த்த வேண்டும். திடீரென நின்றால் பின்னால் வருபவர் மோதிவிடுவார்.
* தடத்தில் வலது ஓரமாகச் செல்லுங்கள். முந்துவோர் உங்கள் இடப்பக்கமாகச் செல்வார்கள். படம் எடுக்க வேண்டுமா? தடத்தைவிட்டு இறங்கி நில்லுங்கள்.
* பேருந்திலிருந்து பயணிகள் நேராக சைக்கிள் தடத்தில் இறங்கும் நிறுத்தங்களில், அவர்கள் கடக்கும்வரை நீங்கள் நிற்க வேண்டும்.
* சாலையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள்.
* சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கைப்பேசியைப் பிடித்தபடி ஓட்டுவது, இருட்டில் விளக்கின்றிச் செல்வது ஆகியவற்றுக்கு அபராதம் உண்டு.

தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால், புதிய இடத்தில், எதிர்ப்பக்கச் சாலையில் ஓட்டும் நாம் அணிவதே நல்லது.

வாடகை சைக்கிளை எடுக்கும்போது பிரேக்கைச் சோதியுங்கள். அங்குப் பல சைக்கிள்களில் பின்சக்கர பிரேக், மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் வகை. நம் பிள்ளைகள் நிற்கும்போது மிதியைப் பின்னால் சுழற்றும் பழக்கமுள்ளவர்கள். ஓடும்போது அப்படிச் செய்தால் வண்டி சட்டென நின்றுவிடும். கடை வாசலில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான் செய்த பிழை

இப்போது காற்றுக்கு வருவோம். மலை இல்லாத நாட்டில் காற்றைத் தடுக்கவும் எதுவும் இல்லை. பெரும்பாலும் அது மேற்கிலிருந்து வீசும்.

போர்ன்ஹோல்மில் கப்பல் துறைமுகம் உள்ள ரோன்னே, தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. தீவை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும், கிழக்கிலிருந்து திரும்பும் வழி மேற்கு நோக்கியே அமையும். இதை நான் யோசிக்கவில்லை. கடைசி நாளில் கிழக்குக் கரையின் ஸ்வானெகே ஊரிலிருந்து டூயொட வழியாக ரோன்னே வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்டி, மாலை நாலரை மணிக் கப்பலைப் பிடிப்பதாகத் திட்டம். ஈஸ்ட் கோஸ்ட்டில் மணிக்கு 15 கிலோமீட்டர் ஓட்டியவர்கள்தானே என்று கணக்கிட்டேன்.

டூயொட வரை சிரமமில்லை. மேற்கே திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நின்றது. மணிக்கு ஏழு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. மகள் அழவில்லை, ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டாள். திறந்தவெளிக் கரையை விட்டு, உள்ளே ஆகிர்கெபி ஊர்ப்பக்கம் திரும்பி, மரங்கள் மறைக்கும் பழைய ரயில் தடத்தைப் பிடித்தோம். அதில் ஓரளவு முன்னேற முடிந்தது. ஆனால், துறைமுகத்தை அடைந்தபோது கப்பல் கிளம்பிவிட்டிருந்தது.

அம்மா இரண்டு மணிக்கே பேருந்தில் வந்து காத்திருந்தார். அவருடைய கைப்பேசியில் வெளிநாட்டு இணைப்பு போடவில்லை. ‘நாங்கள்தான் எப்போதும் கூடவே இருப்போமே’ என்று காசு மிச்சம் பிடித்தவன் நான். எங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல், அறிவிப்புப் பலகையைப் படிக்கவும் முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும், “புள்ள சாப்பிட்டாளா?” என்றுதான் முதலில் கேட்டார்.

டிக்கெட் மாற்ற முடியாத வகை. இரவுக் கப்பலுக்கு மீண்டும் கட்டணம் செலுத்தினோம். இதிலிருந்து கற்ற நான்கு பாடங்கள்:

* கிலோமீட்டரை 10-ஆல் வகுத்து, வரும் மணி நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டுங்கள். 30 கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரம். பிள்ளைகளோடு ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் போதும்.
* மேற்கு நோக்கிய பகுதியை ஆகக் குறுகிய நாளாக வையுங்கள். முடிந்தால் காட்டுப் பாதையாகத் தேர்ந்தெடுங்கள். முதல்நாள் இரவே வானிலை முன்னறிவிப்பில் மழையோடு காற்றின் வேகத்தையும் திசையையும் பாருங்கள்.
* கப்பலோ விமானமோ பிடிக்கும் நாளுக்கு முந்தைய இரவை அந்த ஊரிலேயே கழியுங்கள்.
* ஓட்டாதவர் உட்பட ஒவ்வொருவரிடமும் இயங்கும் கைப்பேசி எண்ணும், தங்குமிட முகவரி எழுதிய தாளும் இருக்கட்டும்.

தங்குமிடம், உணவு, செலவு

டென்மார்க்கில் யூரோ இல்லை, குரோனர்தான். அண்மைக் காலத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ 5 குரோனர் கிடைத்து வருகிறது. பொருள், சேவை வரி 25 விழுக்காடு என்பதால் உணவகத்தில் சாப்பிட்டால் செலவு ஏறும். ஒரு காப்பிக்கே 40 குரோனர் கொடுக்க நேரிடலாம்.

சமையலறை உள்ள இளையர் விடுதிகளும் முகாம் தளங்களும் குடும்பங்களுக்கு ஏற்றவை. இளையர் விடுதி என்று பெயரே தவிர, குடும்ப அறைகளும் உண்டு. படுக்கை விரிப்புக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம், முன்கூட்டியே விசாரியுங்கள். அரிசி, பருப்பு, ரசப்பொடி கொண்டுபோனால் சைவ உணவினர் கவலைப்பட வேண்டாம். குழாய் நீரை அப்படியே குடிக்கலாம்.

கிராமச் சாலைகளில் ஆளில்லாத சிறு கடைகள் இருக்கும். ஸ்ட்ராபெர்ரி, புது உருளைக்கிழங்கு போன்றவற்றை வைத்து, பக்கத்தில் ஒரு உண்டியலும் இருக்கும். நாட்டில் எங்கும் அட்டை செல்லும் என்றாலும், இதற்காகச் சில்லறைக் காசு வைத்திருங்கள்.

கூடாரத்தோடு செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவீடன், நார்வேயில் உள்ளதுபோல் விரும்பிய இடத்தில் தங்கும் உரிமை டென்மார்க்கில் கிடையாது. அரசாங்கம் குறித்துள்ள காடுகளில் மட்டும் சிறு கூடாரம் போடலாம். ஒரு பக்கம் திறந்த மரக்குடில்கள் நாடெங்கும் உள்ளன. சில இலவசம், சிலவற்றை இணையத்தில் சிறு கட்டணத்துக்குப் பதிவு செய்யலாம். காட்டிலும் புல்வெளியிலும் உண்ணிகள் உண்டு. அவற்றால் நோய் பரவக்கூடும். மாலையில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரத்தைப் பாருங்கள்.

சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோகத் தேவையில்லை. வாடகை நாளுக்கு 100 குரோனர் அளவிலிருந்து தொடங்கும். நீண்ட நாளுக்கு எடுத்தால் குறையும். தீவிலேயே வாடகைக்கு எடுத்தால், ரயிலிலும் கப்பலிலும் சைக்கிளோடு அலைய வேண்டாம். தலைநகர் வட்டாரத்தின் ‘எஸ்’ ரயில்களில் சைக்கிளுக்குக் கட்டணமில்லை. தொலைதூர ரயில்களில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும், கோடையில் இடமும் முன்பதிவு செய்ய வேண்டும்.

கிளம்பும் முன்

ஆறு மாதத்துக்கு முன்: போர்ன்ஹோல்மின் அலிங்கெ ஊரில் ஜூன் மாதம் ‘மக்கள் சந்திப்பு’ என்ற அரசியல் விழா சில நாள்கள் நடக்கும். பல்லாயிரம் பேர் கூடுவதால் தீவு முழுவதும் தங்குமிடம் கிடைப்பது அரிது. அதன் தேதியை முதலில் பாருங்கள், பிறகு விமானச் சீட்டு வாங்குங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்: பயிற்சியைத் தொடங்குங்கள். ஒரு நாள் 40 கிலோமீட்டர் ஓட்டுவதைவிட, அடுத்தடுத்து மூன்று நாள்கள் 25 கிலோமீட்டர் ஓட்டுவதே சரியான சோதனை. கால்வலியைவிட இருக்கை வலிதான் குடும்பங்களைத் தோற்கடிக்கும். பையில் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். 24 கிலோமீட்டர் ரயில் பாதை பசுமை வழித்தடத்தின் மண்பாதைப் பகுதிகள் நல்ல பழக்கம் தரும்.

ஒரு மாதத்துக்கு முன்: சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் உடையோர் ஷெங்கன் வட்டாரத்தில் 180 நாள்களில் 90 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். எனினும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘எட்டியாஸ்’ முன் அனுமதி உங்கள் பயணத் தேதியில் தேவையா என்பதை அதிகாரபூர்வ இணையத்தளத்தில் பாருங்கள். ரோன்னேக்குச் செல்லும் விரைவுக் கப்பல் சுவீடனின் யூஸ்டாட் துறைமுகத்திலிருந்து புறப்படுவதால், கடப்பிதழைக் கையில் வைத்திருங்கள். சுவீடன் வழியே செல்ல விரும்பாதோர், கோப்பன்ஹேகனுக்குத் தெற்கே உள்ள கோகெ துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலில் போகலாம். பயணக் காப்புறுதியில் சைக்கிளோட்டம் அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவசர எண் 112.

அடுத்த ஜூனில் அந்தப் பக்கமே மீண்டும் போகலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. இம்முறை நாளுக்கு 25 கிலோமீட்டர், கடைசி இரவு ரோன்னேயில் என்று தாளில் எழுதிவிட்டேன். அம்மாவிடம் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, “என் போனுக்கு இந்தத் தடவை நெட்டு போட்டுக் குடு” என்றார்.